திரைக்குப் பின்னே ஒரு வரிசை

கணினித் திரையில் இரண்டு மூன்று சாளரங்கள் ஒரே வேளையில் திறந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றை ஆளும் முறைகளுள் ஒன்று, 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த எக்ஸ் சாளர முறை.

இதில் திரையையும் விசைப்பலகையையும் காக்கும் நிரலுக்கு வழங்கி என்று பெயர். அதனிடம் வேலை சொல்லும் நிரல்கள் வாடிக்கையாளர்கள். ஒரு வாடிக்கையாளரின் கட்டளைகளை, வந்த வரிசையிலேயே வழங்கி முடிக்கும். ஒரு கட்டளையால் அவருக்குரிய நிகழ்வுச் செய்திகள் எழுந்தால், அவற்றை அனுப்பிய பிறகே அதற்கான மறுமொழியை அனுப்பும். இவை உறுதி.

ஆனால் இரு வாடிக்கையாளர்களுள் யார் கட்டளை முந்தும் என்பதற்கு உறுதியில்லை. பால் நிறுக்கும் இடத்தில் இரண்டு வரிசை நின்றால், நம் வரிசையில் முன்னவர் யார் என்பது நமக்குத் தெரியும். பக்கத்து வரிசைக்காரர் நமக்கு முன்பா பின்பா என்பது கிராணியின் கையில்தான் இருக்கிறது.

இதனால் வரும் தொல்லை என்ன? ஒரு நிரல், "சாளரத்தைக் காட்டு" என்கிறது. உடனே, "படத்தை வரை" என்கிறது. தன் வரிசை கெடாது என்பது அதன் நம்பிக்கை. ஆனால் வழங்கியோ, காட்டும் வேண்டுகோளைச் சாளர மேலாளர் என்னும் வேறொரு வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கிறது. அவர் காட்டுவதற்குள் வரைந்து முடிந்துவிட்டால், படம் வீணாகி வெற்றுச் சாளரமே மிஞ்சும். ஆகவே, "சாளரம் தெரிகிறது, வரையலாம்" என்னும் செய்தி வரும்வரை காத்திருப்பதே முறை.

கணினி கற்கும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ளட்டும். பிறர் கையில் இருக்கும் வேலை முடிந்ததென்று விடை வந்த பிறகே, அதை நம்பி அடுத்த அடி வைக்க வேண்டும்.