அந்தப் பழுப்புக் கவரைப் பிரித்தீர்களா?

"சாதாரண அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்தானே! நாலு நாள்ல எழுந்து நடமாடலாம்" என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். வலது அடிவயிற்றில் வலி, வாந்தி, லேசான ஜுரம் என்று போனேன். குடல்வாலை எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனபோது ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார்கள். எடுத்த குடல்வாலைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட். "வாலைத்தான் வெட்டியாச்சே, இனிமே காகிதம் எதுக்கு?" என்றார் மாமியார். கவர் பீரோவுக்குள் போனது. மூன்று வாரம் அங்கேயே கிடந்தது.

மருந்து பில்லைத் தேடிய என் கணவர்தான் அதைப் பிரித்தார். 'கார்ஸினாய்டு கட்டி' என்று இருந்தது. அன்று மாலையே டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"குடல்வாலில் கட்டி வருவது அபூர்வம்மா. இந்த ஆபரேஷன் செய்துகொள்கிற நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கும். பெரும்பாலும் மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே தெரியும். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் வாலை எடுத்ததோடு சரி. உங்களுக்கு இரண்டைத் தாண்டியிருக்கு. பெருங்குடலின் வலது பக்கத்தையும் அங்கிருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுக்கணும்" என்றார்.

இன்னொரு வகையும் உண்டாம். அதில் ஜெல்லி போன்ற கோழை சேரும். வால் வெடித்தால் அது வயிறெங்கும் பரவி, வயிறு மெல்லப் பெருக்கும். பெண்களுக்குச் சினைப்பைக் கட்டியோ என்று எண்ணிவிடுவதும் உண்டு. ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னுக்கு வந்தது இதுதான். 1992 நவம்பரில் ஆபரேஷன் நடந்தும், 1993 ஜனவரியில் காலமானார்.

எனக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. முதலாவது போல் இல்லை அது. வெட்டி இணைத்த குடலில் தையல் கசிந்துவிடுமோ என்று டாக்டர்கள் தினமும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். தையல் தாங்கியது, ஆனால் ஐந்து நாள் குடல் அசையவே இல்லை. வயிறு உப்பி, மூக்கு வழியே குழாய் போட்டார்கள். பிறகு புண்ணில் சீழ். வீடு திரும்பியும் சில வாரம் பேதி. கஞ்சியும் மோர் சாதமும்தான். எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் கட்டியின் செல்கள் இருந்தன. கவர் பீரோவிலேயே கிடந்திருந்தால்? நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது குடல்வாலை எடுத்தால், அதைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, டாக்டரிடமே காட்டி, "இதோடு முடிந்ததா, இன்னும் ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டுவிடுங்கள். பிறகு பத்திரமாக வையுங்கள். பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது.

நான் இப்போது நன்றாக இருக்கிறேன். டாக்டர் சொல்லும்போதெல்லாம் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், ஹார்லிக்ஸோடு முதலில் போய் நிற்பவர் என் மாமியார்தான். உட்காருவதற்கு முன்பே கேட்கிறார்: "ரிப்போர்ட் வாங்கினேளா?"