உங்களுக்குத் தெரியுமா? இரண்டு டாலர் முகமூடியும் 'ஹாலோவீன்' இரவும்

1978-ல் வெளிவந்து தியேட்டர்களை நடுங்க வைத்த 'ஹாலோவீன்' படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'தி பேபிசிட்டர் மர்டர்ஸ்'. அமெரிக்காவில் அப்பா, அம்மா இரவில் வெளியே கிளம்பும்போது, அதே தெருவில் இருக்கும் பள்ளி மாணவி யாரையாவது கூலிக்கு அழைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். அப்படி வரும் 'பேபிசிட்டர்' பெண்களை ஒரு கொலைகாரன் குறி வைக்கிறான். இந்த ஒரு வரிதான் தயாரிப்பாளர் இர்வின் யாப்லான்ஸ் கையில் இருந்தது. கதை, பேய் வேடம் கட்டிக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகை இரவில் நடக்கட்டும் என்று சொன்னவரும் அவரே. பெயர் மாறியதும் படத்தின் தலையெழுத்தே மாறிவிட்டது.

படத்துக்குப் பணம் போட்டவர் சிரியாவில் பிறந்த முஸ்தஃபா அக்காத். நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லும் 'தி மெசேஜ்' படத்தை 1976-ல் இயக்கியவர் இவர்தான்! 3 லட்சம் டாலர் சின்னத் தொகைதான் என்றாலும் அக்காத்துக்குத் தயக்கம் இருந்தது. இளம் இயக்குநர் ஜான் கார்பென்டர் காட்சி காட்சியாகக் கதையை வாயாலேயே சொல்லி முடித்த பிறகுதான் சம்மதித்தார். இயக்கம், திரைக்கதை, இசை மூன்றுக்கும் சேர்த்துக் கார்பென்டர் வாங்கியது 10,000 டாலர், கூடவே லாபத்தில் ஒரு பங்கு. தன் பெயர் தலைப்புக்கு மேலே வர வேண்டும், எடிட்டிங்கில் தன் முடிவே இறுதி முடிவு என்ற இரண்டிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கொலைகாரன் மைக்கேல் மயர்ஸின் அந்த வெள்ளை முகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க்கிடமிருந்து! கலை இயக்குநரும் எடிட்டருமான டாமி லீ வாலஸ், நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகத்தை அச்செடுத்தது போன்ற ரப்பர் முகமூடி ஒன்றைக் கடையில் வாங்கி வந்தார். விலை 1.98 டாலர். புருவத்தையும் கிருதாவையும் பிய்த்தார், கண் துளைகளைப் பெரிதாக்கினார், முடியைக் கலைத்துவிட்டார், முகம் முழுக்க வெள்ளை ஸ்பிரே பெயின்ட் அடித்தார். போட்டிக்கு ஒரு கோமாளி முகமூடியும் இருந்தது. அதுவும் பயமாகத்தான் இருந்ததாம். ஆனால் கோமாளிக்கு ஒரு முகபாவம் உண்டு. கிர்க்கின் முகத்தில் பெயின்ட் ஏறியதும் கோபம், சிரிப்பு, வெறி எதுவுமே மிஞ்சவில்லை. பார்க்கிறவர் தன் பயத்தையே அதன்மேல் எழுதிக்கொள்ளலாம். பேய்ப்பட வரலாற்றில் இவ்வளவு சிக்கனமாக இவ்வளவு பெரிய காரியம் நடந்ததில்லை என்றே சொல்வேன்.

அந்த முகமூடிக்குள் இருந்தவர் நிக் காசில். நடிகர் இல்லை, கார்பென்டரின் கல்லூரித் தோழர். சினிமா எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று வந்தவருக்கு நாள் சம்பளம் 25 டாலர். எப்படி நடிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, 'சும்மா நட' என்பதுதான் கார்பென்டரின் பதில். ஓடாமல், அவசரப்படாமல் அவர் நடந்து வரும் அந்த நடைதான் இன்றுவரை எல்லாரும் காப்பியடிப்பது. பிற்பாடு காசில் இயக்குநராகி 'தி லாஸ்ட் ஸ்டார்ஃபைட்டர்' எடுத்தார்.

கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில், இலையுதிர் காலத்தில். படம் எடுத்தது கலிஃபோர்னியாவின் சவுத் பாசடீனாவில், வசந்த காலத்தில்! மரமெல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்க, காகித இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் பூசி, சாக்கில் கட்டி எடுத்து வந்து தெருவில் இறைத்தார்கள். ஷாட் முடிந்ததும் ஒன்றுவிடாமல் பொறுக்கி அடுத்த ஷாட்டுக்குப் பத்திரப்படுத்தினார்கள். புதிதாக வாங்கக் காசில்லை. கூர்ந்து பார்த்தால் சில காட்சிகளில் பின்னால் பனை வகை மரங்கள் எட்டிப் பார்க்கும், கார்களில் கலிஃபோர்னியா நம்பர் பிளேட் தெரியும்.

மொத்தப் படப்பிடிப்பு 20 நாள்தான்.

நாயகி லாரி ஸ்ட்ரோடாக வந்த ஜேமி லீ கர்ட்டிஸுக்கு அப்போது வயது 19, இதுதான் முதல் படம், சம்பளம் 8,000 டாலர். 'சைக்கோ' படத்தில் குளியலறையில் கொலையாகும் ஜேனட் லீயின் மகள் இவர். அந்தப் பெயர் விளம்பரத்துக்கு உதவும் என்ற கணக்கும் தேர்வில் இருந்தது. லாரி போட்டுக்கொள்ளும் உடைகளைச் சாதாரண ஜவுளிக் கடை ஒன்றில் நூறு டாலருக்குள் வாங்கி முடித்தார்கள். முதல் நாள் நடித்துவிட்டு வீட்டுக்குப் போன பெண்ணுக்குத் தான் சொதப்பிவிட்டோம், நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஒரே கலக்கம். இரவு போன் மணி அடித்தது. எதிர்முனையில் கார்பென்டர். 'ரொம்ப நன்றாகச் செய்தாய்' என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். பல பேட்டிகளில் கர்ட்டிஸ் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

காட்சிகளை வரிசைப்படி எடுக்கவில்லை. எந்தக் காட்சியில் லாரிக்கு எவ்வளவு பயம் இருக்க வேண்டும் என்பதற்குக் கார்பென்டர் ஓர் அளவுகோலே வைத்திருந்தார். இந்த ஷாட்டுக்கு இத்தனை என்று அவர் எண்ணைச் சொன்னால், கர்ட்டிஸ் அதற்கேற்ப நடிப்பார்.

இனி, இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடும் பெயருக்கு வருவோம். டெப்ரா ஹில். படத்தின் தயாரிப்பாளர், கார்பென்டரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர். பள்ளி நாட்களில் இவரே பேபிசிட்டராக வேலை பார்த்தவர். மனநல மருத்துவர் லூமிஸ் பேசும் தீமை பற்றிய நீளமான வசனங்கள் கார்பென்டருடையவை. லாரி, அவளுடைய தோழிகள் ஆனி, லிண்டா மூவரும் பேசிக்கொள்வதைப் பெரும்பாலும் எழுதியவர் ஹில். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது யாருக்கு யாரைப் பிடிக்கும், மறந்துபோன புத்தகம், நாளைய டான்ஸ், இன்று ராத்திரி எந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று அவர்கள் பேசும் பேச்சில் கதைக்கென்று எதுவுமே இல்லை. அதனாலேயே அந்த மூன்று பேரையும் நமக்குத் தெரிந்த பெண்களாக்கிவிடுகிறது. தெரிந்தவர்களுக்கு ஆபத்து என்றால்தான் அடிவயிறு கலங்கும். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான படங்கள் கத்தியை எடுத்துக்கொண்டன, முகமூடியை எடுத்துக்கொண்டன. இந்தப் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றில் பெரும்பாலானவை மறந்துபோனதற்கு இதுவே காரணம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

படத்தின் முதல் காட்சியில் ஆறு வயது மைக்கேலின் கண் வழியாகத்தான் எல்லாம் தெரியும். கத்தியை எடுக்கும் அந்தச் சின்னக் கை யாருடையது? டெப்ரா ஹில்லுடையது! ஒரே ஷாட் போலத் தோன்றும் இந்த நான்கு நிமிடக் காட்சியில் வெட்டுகள் ஒளிந்திருக்கின்றன. பையன் முகமூடி மாட்டும் நொடியில் திரை இருட்டாவதைக் கவனியுங்கள். பாழடைந்து கிடந்த மைக்கேலின் வீட்டைப் படத்தின் பிற்பகுதிக் காட்சிகளுக்கு அப்படியே பயன்படுத்திவிட்டு, கடைசி நாளில் குழுவினர் ஒன்றுகூடிப் பெயின்ட் அடித்து, மேஜை நாற்காலி கொண்டுவந்து போட்டு, கதை தொடங்கும் 1963-ம் ஆண்டு வீடாக மாற்றி இதை எடுத்தார்கள்.

கதை நடக்கும் ஹாடன்ஃபீல்டு என்ற ஊரை இல்லினாய் வரைபடத்தில் தேடாதீர்கள். நியூ ஜெர்சியில் ஹில் பிறந்த ஊரின் பெயர் அது. டாக்டர் சாம் லூமிஸ் என்பது 'சைக்கோ' படப் பாத்திரத்தின் பெயர். லாரி பார்த்துக்கொள்ளும் பையன் டாமி டாயில், ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்துப் போலீஸ் அதிகாரியின் பெயரோடு வருகிறான். கார்பென்டரின் முந்தைய படத்தைப் பிரிட்டனில் வெளியிட்டு உதவிய விநியோகஸ்தரின் பெயர் மைக்கேல் மயர்ஸ்! நன்றிக்கடனாக அந்தப் பெயர் கொலைகாரனுக்குப் போனது.

டாக்டர் லூமிஸாக நடிக்கப் பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ இருவரையும் கேட்டார்கள், இருவருமே மறுத்துவிட்டார்கள். பிறகு வந்தவர்தான் டொனால்ட் பிளெசன்ஸ். கார்பென்டரின் முந்தைய படத்தின் இசை தன் மகளுக்குப் பிடித்திருந்ததால் ஒப்புக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஐந்து நாள் நடித்தார்.

இனி ஒரு காட்சியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தோழிகள் இறந்து கிடப்பதைக் கண்ட லாரி, மாடியில் ஒரு கதவோரம் சுவரில் சாய்ந்து விம்முகிறாள். அவளுக்குப் பக்கத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. அந்த இருட்டில் வெள்ளை முகம் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கிறது. யாரும் நகரவில்லை. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி சின்ன விளக்கு ஒன்றை டிம்மரில் இணைத்து, முகமூடியின்மேல் வெளிச்சத்தை இம்மி இம்மியாக ஏற்றினார். வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் போனால் நம் கண் பழகப் பழகப் பொருள்கள் தெரியுமே, அதே வேகம். ஆகவே அவன் இப்போது வந்தான் என்று தோன்றாது. முதலிலிருந்தே அங்கே நின்றான், நமக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும். டீன் கண்டி பின்னாளில் 'பேக் டு தி ஃப்யூச்சர்', 'ஜுராசிக் பார்க்' படங்களுக்கெல்லாம் ஒளிப்பதிவு செய்தார். எனக்கு அவருடைய உச்சம் இந்த டிம்மர்தான்.

இவ்வளவு பெயர் வாங்கிய கொலைப் படத்தில் ரத்தம் கிட்டத்தட்டக் கிடையாது. சந்தேகம் இருந்தால் மறுபடி பாருங்கள்.

இசை சேர்க்காத பிரதியை ஒரு பெரிய ஸ்டூடியோவின் பெண் அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார்கள். அவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. இசையால்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்த கார்பென்டர், மூன்றே நாளில் இசையை முடித்தார். கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீனில் இசைப் பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா, சிறுவயதில் பாங்கோ கொட்டில் 5/4 தாளம் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஐந்து எண்ணிக்கைத் தாளத்தைப் பியானோவில் தட்டியதுதான் படத்தின் தீம். நமக்கு ஐந்தின் கணக்கு கண்ட நடையில் பழக்கமானதுதான். நான்கு நான்காக எண்ணிப் பழகிய அமெரிக்கக் காதுக்கோ அது எங்கேயும் உட்கார விடாத தாளம். டைட்டிலில் வரும் 'பௌலிங் கிரீன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா' என்று ஒரு குழுவே கிடையாது. சொந்த ஊர்ப் பெயரில் கார்பென்டர் சூட்டிக்கொண்டது அது.

படத்தில் குழந்தைகள் டி.வி.யில் பார்ப்பது 1951-ல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு'. அதே கதையைக் கார்பென்டர் 1982-ல் 'தி திங்' என்ற பெயரில் தானே எடுத்தார்.

காதலனோடு இருக்கும் பெண்கள் சாகிறார்கள், ஒழுக்கமான பெண் பிழைக்கிறாள், ஆகவே இது தண்டனைக் கதை என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். கார்பென்டரும் ஹில்லும் இதை மறுத்தார்கள். மற்றவர்கள் வேறு நினைப்பில் இருந்ததால் ஆபத்தைக் கவனிக்கவில்லை, தனியாக இருந்த லாரி கவனித்தாள், அவ்வளவுதான் என்றார் கார்பென்டர். நான் இவர்கள் பக்கம். கடைசி அரை மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். லாரி தெருவில் அலறிக்கொண்டே ஓடி ஒரு வீட்டுக் கதவை இடிக்கிறாள். விளக்கு எரிகிறது. உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். விளக்கு அணைகிறது. அடுத்து, தான் பொறுப்பேற்ற வீட்டுக்கு ஓடிவந்தால் கையில் சாவி இல்லை. பூந்தொட்டியை மாடி ஜன்னல்மேல் எறிந்து, தூங்கும் பையனை எழுப்புகிறாள். உள்ளே வந்ததும் அவளுடைய முதல் கவலை மாடியில் இருக்கும் இரண்டு பிள்ளைகள். கையில் கிடைத்த ஸ்வெட்டர் பின்னும் ஊசி, துணி மாட்டும் கம்பி இவைதான் ஆயுதம். கூலிக்கு வந்த ஒரு பள்ளி மாணவி, ஊரே கதவடைத்துக்கொண்ட இரவில் அடுத்தவர் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். இதில் தண்டனை எங்கே இருக்கிறது?

1978 அக்டோபர் 25 அன்று கான்சஸ் சிட்டியில் ரிலீஸ். வாய்வழி விளம்பரத்திலேயே படம் பரவியது. அமெரிக்காவில் மட்டும் 4.7 கோடி டாலர், உலகம் முழுக்க 7 கோடி டாலர் வசூல். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்து 'சைக்கோ'வோடு ஒப்பிட்டார். இன்னொரு விமர்சகரான பாலின் கேல் கிழித்துத் தோரணம் கட்டினார். 2006-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கப்பட வேண்டிய படங்களின் பதிவேட்டில் இதைச் சேர்த்தது.

இந்த வெற்றியைப் பார்த்துத்தான் இன்னொரு பேபிசிட்டர் படம் பெரிதானது. ஃப்ரெட் வால்டன் 1977-ல் எடுத்த 'தி சிட்டர்' என்ற குறும்படம், 1979-ல் 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்' ஆனது. பேபிசிட்டராக நடிகை கரோல் கேன் தனியாக இருக்கும் வீட்டில் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பேசுகிறவன் அதே வீட்டுக்குள் இருக்கிறான்! அமெரிக்க இளசுகள் பல காலமாகக் காதோடு காதாகச் சொல்லி வந்த கதை இது. 1950-ல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் 13 வயது பேபிசிட்டர் ஒருத்தி கொல்லப்பட்டதையும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அந்தக் கொலையாளி கடைசிவரை தண்டிக்கப்படவில்லை. 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்' படத்தின் பிற்பகுதி தொய்வுதான். முதல் 20 நிமிடத்துக்கு ஈடு இல்லை. 1996-ல் வந்த 'ஸ்க்ரீம்' படத்தின் புகழ்பெற்ற தொடக்கம் இதற்குச் செலுத்திய மரியாதை.

மறுபடி 'ஹாலோவீன்' வரிசைக்கு வந்தால், ஜேமி லீ கர்ட்டிஸ் 1978-லிருந்து 2022 வரை ஏழு படங்களில் லாரியாக வந்தார். அவற்றில் 1998-ல் வந்த 'ஹாலோவீன் எச்20'-ல் அம்மா ஜேனட் லீயும் உண்டு. மகளிடம் பேசிவிட்டு அவர் ஏறிக் கிளம்பும் காரைக் கவனியுங்கள். 'சைக்கோ'வில் ஓட்டிய அதே மாடல் ஃபோர்டு, நம்பர் பிளேட்டும் அதேதான்!