தண்ணீர் கட்டும் நாளைக் காட்டும் சிறு விளக்கு

கத்தரி, மிளகாய், மஞ்சள், வாழை முதலிய தோட்டக்கால் பயிர்களில் மேல்மண் வெளுத்ததும் மோட்டாரைப் போடுவது பலரது வழக்கம். ஆனால் ஒரு சாண் ஆழத்தில் வேர் இருக்கும் இடத்தில் ஈரம் மிச்சமிருக்கும். கோடையில் கிணற்று நீர் இப்படி வீணாவதுடன், வேர் மூச்சு முட்டி, இட்ட தழைச்சத்தும் கீழே வடிந்துவிடும்.

வேர்ப்பகுதி ஈரத்தை நான்கு வண்ண விளக்குகளால் காட்டும் கருவியைக் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கியுள்ளது. அதே தத்துவத்தில், ஒற்றை விளக்குள்ள எளிய கருவியை வீட்டிலேயே செய்யலாம். பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இது ஒரு மாலை நேர வேலைதான்.

தேவையானவை: 9 வோல்ட் பாட்டரி, அழுத்து சுவிட்சு, பி.சி. 547 டிரான்சிஸ்டர், எல்.இ.டி. விளக்கு, 470 ஓம், 1,000 ஓம் ரெசிஸ்டர்கள், 10,000 ஓம் பிரீசெட், 25 செ.மீ. நீள எவர்சில்வர் கம்பிகள் இரண்டு.

கம்பிகளின் நுனியில் 3 செ.மீ. விட்டு, மண்ணில் இறங்கும் மற்றப் பகுதிக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டவும். 5 செ.மீ. இடைவெளியில் ஒரு மரக்கட்டையில் இரண்டையும் பொருத்தவும். பாட்டரியின் பிளஸ் முனை சுவிட்சு வழியாக முதல் கம்பிக்கும், 470 ஓம் வழியாக விளக்கின் நீளமான காலுக்கும் செல்ல வேண்டும். விளக்கின் குட்டைக் காலை டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பற்றவைக்கவும். இரண்டாம் கம்பியை 1,000 ஓம் வழியாக பேஸுடன் சேர்க்கவும். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே பிரீசெட். எமிட்டர் பாட்டரியின் மைனஸுக்கு. டிரான்சிஸ்டரின் தட்டை முகம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பது வரிசை.

ஈர மண்ணில் மின்சாரம் எளிதில் பாயும், விளக்கு எரியும். காய்ந்தால் அணையும். எந்த ஈரத்தில் அணைய வேண்டும் என்பதை அவரவர் நிலத்தில்தான் குறிக்க வேண்டும். மணலும் களியும் கலந்த நிலத்தில் 15 செ.மீ. ஆழத்து மண்ணைப் பிடித்தால் உருண்டையாகி, லேசாகத் தட்டியதும் உதிரும் சமயமே தண்ணீர் கட்டும் பதம். அன்று கம்பிகளை அதே ஆழத்தில் செருகி, விளக்கு அணையும் வரை பிரீசெட்டைத் திருப்பி நிறுத்தவும். பிறகு இரண்டு மூன்று இடங்களில் பார்த்து முடிவு செய்யலாம்.

பாட்டரி தீர்ந்தாலும் விளக்கு எரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் இரு நுனிகளையும் ஓர் ஆணியால் இணைத்துச் சோதிக்கவும். எரிந்தால் கருவி சரி. சுவிட்சைச் சில விநாடிகளுக்கு மேல் அழுத்தினால் கம்பி அரிக்கும். உப்பு நீர் பாயும் நிலத்திலும், உரமிட்ட சில நாட்களுக்கும் கருவி ஈரத்தைக் கூட்டிக் காட்டும். அப்போது கைப்பதத்தையே நம்ப வேண்டும்.

இக்கருவியை வீட்டு மின்சாரத்தில் எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. பாட்டரி மட்டுமே போதும்.

கையும் கருவியும் ஒத்துச் சொன்னால், மோட்டாரைப் போடலாம். ஒரு தண்ணீர் மிச்சமானாலும், அது கோடைக் கடைசியில் ஒரு பயிரைக் காக்கும்.