கோழிக்கு வைக்கும் தண்ணீர்க் குடுவை

தாம்பரத்திற்கு மேற்கே, அடையாற்றை ஒட்டி அமைந்துள்ள முடிச்சூர் போன்ற புறநகர்களில், கொல்லையில் நான்கைந்து கோழிகள் வளர்க்கும் வீடுகள் உண்டு. கோழி முட்டையிடுவது குறைந்துவிட்டால் தீவனத்தைக் குறை சொல்வோம். நோயோ என்று அஞ்சுவோம். தண்ணீர் வைக்கும் குடுவையை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

ஒரு முட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரே. முட்டையிடும் கோழி நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் நீர் பருகுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. அது வாயைத் திறந்து இரைத்து, நீரை ஆவியாக்கியே உடலைக் குளிர்வித்துக் கொள்கிறது. ஆகவே, கோடையில் இரு மடங்கு நீர்கூடத் தேவைப்படும்.

குடுவை இயங்குவது எப்படி?

நீர் நிரப்பிய குடுவையைத் தட்டின் மீது கவிழ்த்து வைக்கிறோம். குடுவையின் வாயருகே ஒரு சிறு துளை உண்டு. தட்டிலுள்ள நீர் அத்துளையை மூடியதும் உள்ளே காற்றுப் புக வழியில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் தட்டு நீரை அழுத்தி, குடுவை நீரைத் தாங்கி நிற்கிறது. கோழி குடித்து நீர்மட்டம் தாழ்ந்தால் துளை திறக்கும். ஒரு காற்றுக் குமிழி மேலேற, அந்த அளவு நீர் கீழிறங்கும்.

குடுவையின் மேற்புறத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால் என்ன ஆகும்? அதன் வழியே காற்றுப் புகுந்து, நீர் முழுவதும் வழிந்துவிடும். வெயிலில் வைத்தாலும் உள்ளிருக்கும் காற்று சூட்டால் விரிந்து நீரை வெளியே தள்ளும். தரை ஈரமானால் இரத்தக் கழிச்சல் நோய்க்கு இடமாகும். எனவே, குடுவையை நிழலில், தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்குமாறு வையுங்கள்.

வழுவழுப்பின் இரகசியம்

தட்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்கிறதா? அது பாக்டீரியாக்கள் கசியவிட்ட பசையால் தமக்கே கட்டிக்கொண்ட வீடு, உயிரிப்படலம் எனப்படும். பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரின் இதன் மேற்பரப்பிலேயே பெரிதும் செலவாகிவிடுகிறது. அடியிலுள்ள கிருமிகள் தப்பிவிடுகின்றன. கடின நீர் விட்டுச்செல்லும் வெள்ளைச் சுண்ணப் படிவும் கிருமிகளுக்கு மறைவிடமே.

ஆகவே, முதலில் தேய்ப்பு, பிறகே மருந்து. நாள்தோறும் பழைய நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை, பிரஷ்ஷால் நன்கு தேய்த்தபின், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அலசி, வெயிலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பாத்திரத்தில் படிந்த சுண்ணத்தை வினிகர் கரைக்கும். துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் வினிகர் கூடாது. அமிலம் பூச்சை அரிக்கும்.

ஓர் எச்சரிக்கை: வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

வெள்ளைக் கழிச்சலுக்கான உயிருள்ள தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்கும் நாளில், குடுவையில் குளோரினோ சோப்போ ஒட்டியிருக்கக் கூடாது, மருந்து வீணாகிவிடும்.

2015 டிசம்பரில் முடிச்சூரை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் இடுகிறோம். ஆனால், தூய்மையாக்கிய அந்த நீரை வழுவழுப்பான தட்டில் ஊற்றினால், கிணற்றுக்குச் செய்த வேலையெல்லாம் அந்தத் தட்டிலேயே வீணாகிவிடும்!