பேஸ் இல்லாத மூவர்

பென்னி குட்மன் என்றால் அமெரிக்கர்களுக்கு ‘ஸ்விங் இசையின் ராஜா’. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று பலர் வரிசை கட்டி உட்கார்ந்து ஊதுவார்கள், நடனக்கூடம் அதிரும். அந்த ஆரவாரத்தை நான்கைந்து பாட்டுக்கு மேல் என் காது தாங்குவதில்லை. ஆனால் அதே குட்மன், ஒரு பியானோவையும் டிரம்ஸையும் மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, 1935 ஜூலை 13 அன்று விக்டர் கம்பெனிக்குப் பதிவு செய்து கொடுத்த நான்கு பாடல்களை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். பியானோ டெடி வில்சன். டிரம்ஸ் ஜீன் க்ரூப்பா.

நான்குமே அன்றைய அமெரிக்காவில் ஊரறிந்த பாடல்கள். ‘ஆஃப்டர் யூவ் கான்’ 1918ல் டர்னர் லேட்டன், ஹென்றி க்ரீமர் என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள் எழுதியது. ‘ஹூ?’, ஜெரோம் கெர்ன் 1925ல் ‘சன்னி’ என்ற இசை நாடகத்துக்குப் போட்ட மெட்டு. ‘சம்டே ஸ்வீட்ஹார்ட்’ இன்னொன்று. நான்காவதான ‘பாடி அண்ட் சோல்’தான் என் கட்சி.

ஜானி கிரீன் இசையமைத்த இந்தப் பாடல் 1930ல் வந்தது. 32 பார் (தாள அளவு) கொண்ட வழக்கமான அமைப்புதான்: எட்டு பார் மெட்டு, அதே மெட்டு மறுபடி, நடுவில் வேறொரு எட்டு, கடைசியில் பழைய மெட்டு. நடுப்பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே பாடல் திடீரென்று அரைக்கட்டை மேலே ஏறிவிடும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இறங்கி வந்து பழைய இடத்தில் உட்காரும். வாசிப்பவர் கொஞ்சம் அசந்தாலும் திரும்பி வரும் வழி தவறிப்போகும்.

இந்தப் பாடலுக்கு ஜாஸ் உலகில் பேர்பெற்ற வடிவம் 1939ல் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் வாசித்தது. அவர் தொடக்கத்தில் மெட்டை லேசாகத் தொட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அப்புறம் எல்லாம் அவர் கற்பனை. மகத்தான வாசிப்பு, மறுக்கவில்லை. குட்மனும் வில்சனும் செய்தது வேறு. மெட்டைக் கைவிடாமல், அதன் ஓரங்களில் மட்டும் இழைக்கிறார்கள். பாட்டைத் தெரிந்தவனுக்கு அந்த மெட்டு கடைசிவரை கூடவே வருகிறது. ஜாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

கிளாரினெட் என்றதும் நமக்கு ஏ.கே.சி. நடராஜன் நினைவுக்கு வருவார்; அந்தக் கம்பீரத்தை இங்கே தேடக்கூடாது. புல்லாங்குழலில் காற்றை அழுத்தினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே தாவும். கிளாரினெட்டில் அதையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்கே போய்விடும். அதனால் கீழ்க்குரலும் மேல்குரலும் இரண்டு வெவ்வேறு ஆட்கள்போல ஒலிக்கும். சிகாகோவில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெபக்கூடத்தில் இரவலாகக் கிடைத்த கிளாரினெட்டில் பழகிய குட்மன், அந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே தையல் தெரியாமல் போய்வருவார்.

ஆனாலும் இந்தப் பதிவின் உண்மையான நாயகன் வில்சன் என்பேன். பேஸ் வாத்தியம் இல்லாத குழு இது. அடித்தளம் முழுவதையும் அவருடைய இடது கைதான் சுமக்க வேண்டும். ஒரு ஸ்தாயிக்கும் அப்பால் பத்தாவது கட்டை வரை விரலை விரித்து அந்தக் கை அளந்து அளந்து நடக்கிறது. வலது கை அதற்கு மேலே ஒற்றைச் சுரங்களாகப் பேசுகிறது. எங்கும் இரைச்சல் இல்லை, அவசரம் இல்லை. குட்மன் ஊதும்போது வில்சன் பக்கவாத்தியக்காரராக ஒதுங்கி நிற்பதுமில்லை. இரண்டு பேரும் சமமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தச் சமத்துவம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் மட்டும்தான் அன்று சாத்தியம். வில்சன் கறுப்பர். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து இசைத்தட்டு போட்டது அதற்கு முன்பும் உண்டு; தட்டில் முகம் தெரியாதே! மேடை வேறு கதை; அங்கே முகம் தெரியும். ஆனாலும் 1936 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு, சிகாகோ காங்கிரஸ் ஹோட்டலில் நடந்த கச்சேரியில் மூவரும் ரசிகர்கள் முன் ஒன்றாக வாசித்தார்கள். கலவரம் எதுவும் நடக்கவில்லை, கைதட்டல்தான். அதன்பின் அந்த ஹோட்டல் நிகழ்ச்சிகளில் இந்த மூவர் குழு, அதாவது ட்ரியோ, வழக்கமாகவே இடம்பெற்றது. அப்போதும் பெரிய பேண்டில் பியானோ வாசித்தவர் ஜெஸ் ஸ்டேசி என்ற வெள்ளையர். வில்சன் ட்ரியோவுக்காகத் தனியாக வந்து போகும் ‘சிறப்பு’க் கலைஞர். வரலாற்றைப் பாராட்டும்போது இந்தச் சின்னக் கணக்கையும் மறந்துவிடக்கூடாது. அதே ஆண்டு லயனல் ஹாம்ப்டன் வைப்ரஃபோனுடன் சேர, ட்ரியோ நால்வர் கொண்ட குவார்ட்டெட் ஆனது. 1938 ஜனவரி 16ல் கார்னகி ஹாலிலும் வாசித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால், பேஸ்பாலின் மேஜர் லீகில் கறுப்பரான ஜாக்கி ராபின்சன் வெள்ளையரோடு சேர்ந்து ஆட இறங்கியது 1947ல்தான்.

க்ரூப்பாவைப் பற்றி ஒரு வரி: பெரிய பேண்டில் டிரம்ஸைப் பிளந்த மனிதர், இங்கே அடக்கி வாசிக்கத் தெரிந்தவர்.

‘பாடி அண்ட் சோல்’ பழைய 78 தட்டுக்காகப் பதிவானது, மூன்றரை நிமிடம்கூட ஓடாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு முறை கேளுங்கள். இரண்டாவது முறை கிளாரினெட்டை விட்டுவிட்டு வில்சனின் இடது கையை மட்டும் பின்தொடருங்கள்.