கல்லுக்குள் ஈரம்: காட்டிக்கொடுக்கும் அகச்சிவப்புக் கதிர்

டிவி ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். பல போன்களில், குறிப்பாக முன்பக்கக் கேமராவில், ரிமோட்டின் நுனி மின்னுவது தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அதுதான் அகச்சிவப்புக் கதிர். அதன் அலைநீளம் சுமார் 0.94 மைக்ரான். இதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அலைநீளமுள்ள கதிரை வைத்துத்தான் சிறுகோள்களில் தண்ணீர் தேடுகிறார்கள்.

எப்படி என்று பார்ப்போம். இங்கே தண்ணீர் என்றால் குளம், குட்டை அல்ல. களிமண் வகைத் தாதுக்களுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாகப் பிணைந்திருக்கும். ஸ்பிரிங்கில் மாட்டிய இரண்டு குண்டுகள் போல இந்த ஜோடி அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுக்கு ஒத்துப்போகும் சுமார் 2.7 மைக்ரான் கதிர் பட்டால், அதை விழுங்கிவிடும். எனவே, கல்லில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து கிராஃப் போட்டால், 2.7க்கு நேராக ஒரு பள்ளம் விழும்.

ஒரு சிக்கல் உண்டு. பூமியின் காற்றிலுள்ள நீராவியும் இதே கதிரை விழுங்குகிறது. ஆகவே வான்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2018 டிசம்பரில் பென்னு சிறுகோளை அடைந்து இந்தப் பள்ளத்தைக் கண்டது. 2023 செப்டம்பரில் பூமிக்கு வந்த 121.6 கிராம் மாதிரியில் களிமண் தாதுக்கள் இருந்தன. கணிப்பு சரி!

ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2018இல் ஆராய்ந்த ரியுகு சிறுகோளில் கதை வேறு. அங்கே பள்ளம் ஆழமில்லை. வெப்பத்தில் காய்ந்துபோன கல்லோ என்று சந்தேகம் எழுந்தது. ஆனால் 2020 டிசம்பரில் வந்த சுமார் 5.4 கிராம் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, பள்ளம் நன்றாகவே ஆழமாக இருந்தது. காரணம், ஒளி படிப்பது மேல்தோலை மட்டுமே. சூரியக் காற்றும் நுண்ணிய விண்துகள்களும் தாக்கி அந்தத் தோல் உலர்ந்திருந்தது. உள்ளே ஈரம் பத்திரமாக இருந்தது.

சரி, இதனால் என்ன பயன்? இத்தகைய கற்களைச் சூடாக்கினால் தண்ணீர் கிடைக்கும். அதைப் பிரித்தால் ராக்கெட் எரிபொருளும் கிடைக்கும். எதிர்காலத்தில் எந்தக் கல்லுக்குப் போவது என்பதை இந்தக் கிராஃப்தான் முடிவு செய்யும். ஆனால் ஐகானைப் பார்த்து ஃபைலின் அளவைச் சொல்ல முடியாது அல்லவா? பள்ளம் ஆழமில்லை என்பதற்காக ஒரு கல்லை ஒதுக்கிவிடக் கூடாது என்பதே ரியுகு தரும் பாடம்.