கடல் கடந்த நீலத் துணி

ஒரு நாட்டின் சரக்கு மற்றொரு நாட்டில் விலைபோக வேண்டுமாயின் தரமும் மலிவும் மட்டும் போதா. வாங்குவோரின் உடை, வழிபாடு, சடங்கு, அழகுணர்வு ஆகியவற்றோடும் அது இசைந்துபோக வேண்டும். இன்றைய வணிகவியல் நூல்கள் இதனைப் 'பண்பாட்டு வேறுபாடு' என்னும் தலைப்பின் கீழ், நிறுவனங்கள் தாண்டிச் செல்ல வேண்டிய தடைகளுள் ஒன்றாக எழுதுகின்றன. இப்பார்வையில் ஒரு குறை இருப்பதாக நாம் கருதுகிறோம். சரக்கின் தகுதியை விற்பவனே முடிவு செய்துவிடுகிறான் என்றும், வாங்குபவனை அதற்கு இணங்கச் செய்வதே எஞ்சிய வேலை என்றும் அது எண்ணிக்கொள்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளின் வரலாறு இதற்கு நேர்மாறான செய்தியைத் தருகிறது.

1601இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் பயணத்தைத் தலைமையேற்று நடத்திய ஜேம்ஸ் லங்காஸ்டர், தம் நாட்டின் பெருமைமிக்க கம்பளித் துணியைக் கிழக்கே கொண்டு சென்றார். சுமத்ராவிலும் ஜாவாவிலும் அதனைக் கேட்பாரில்லை. மிளகுக்கு ஈடாக அம்மக்கள் விரும்பியது இந்தியப் பருத்தித் துணியையே. 1602இல் மலாக்கா நீரிணையில் ஒரு போர்த்துக்கீசியக் கப்பலைக் கொள்ளையிட்டு, அதிலிருந்த இந்தியத் துணிகளைக் கொண்டே லங்காஸ்டர் பாந்தத்தில் மிளகு வாங்கினார். பின்னர் 1611இல் ஆங்கிலேயர் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்ததற்கு இத்துணித் தேவையே முதன்மைக் காரணம்.

இந்தியத் துணி என்று பொதுவாகச் சொல்வதும் பொருந்தாது. சயாம் அரசவைக்கு அனுப்பப்பட்ட வண்ணத் துணிகளில் கைகூப்பிய தேவ உருவங்கள் இடம்பெற்றன. அவற்றின் வரைமாதிரிகள் சயாமிலிருந்தே இங்கு வந்தன. மலாய் முஸ்லிம்களுக்கான துணிகளிலோ பெரும்பாலும் பூக்கொடிகளும், முந்தியில் வரிசையாக நிற்கும் முக்கோணங்களுமே காணப்பட்டன. அம்முந்திப் பகுதிக்குக் 'கெபாலா', அதாவது தலை, என்று மலாய் மொழியில் பெயர். ஒரே கரையின் கைவினைஞர்களே இவ்விரு வகைகளையும் செய்தளித்தனர். மலாய் ஆடவர் தொழுகைக்கு உடுத்தும் கட்டம்போட்ட கைலி இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே வழங்குகிறது. பழவேற்காடு என்னும் நம் துறைமுகத்தின் பெயர் அதில் தங்கியிருப்பதை நம் வாசகர்களுள் பலர் அறிவர்.

இவற்றைவிட வியப்பூட்டுவது புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற நீலத் துணியின் கதை. பிரெஞ்சுக்காரர் இதனைக் 'கினே' என்று அழைத்தனர். அவுரியில் பலமுறை தோய்த்துக் கருநீலமாக்கிய நீண்ட பருத்தித் துணி அது. உள்நாட்டு ஊர்களில் நெய்யப்பட்டுப் புதுச்சேரியில் சாயமேறிய இத்துணி, 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் போர்தோ துறைமுகம் வழியாகச் செனகலின் சேன் லூயி நகரத்தை அடைந்தது. அங்கிருந்து செனகல் ஆற்றின் வடகரையில் வாழ்ந்த தரார்ஸா, பராக்னா முதலிய அரபு மொழி பேசும் முஸ்லிம் குலங்களிடம் சென்றது.

துணிக்கு ஈடாக அவர்கள் கொடுத்தது பிசின். பாலை விளிம்பில் வளரும் வேல இன மரமொன்றிலிருந்து வடியும் இந்தப் பிசின் ஐரோப்பியத் துணி அச்சுத் தொழிலுக்கு இன்றியமையாதது; சாயத்தைக் குழைவாக்கி, அச்சுக் கோடு பரவாமல் காப்பது அதுவே. ஆகவே, ரூவான் நகரத்து ஆலைகள் வண்ணப் பூக்களை அச்சிடுவதற்கும் நம் சாயக்காரரின் நீலத் துணி மறைமுகமாகத் துணை நின்றது எனலாம்.

அந்த ஆலைகள் கினேயைத் தாமே நெய்து விற்க முயன்றபோதுதான் சிக்கல் எழுந்தது. நீளமும் அகலமும் நிறமும் ஒத்திருந்தும் பாலைவன மக்கள் அத்துணியை ஏற்க மறுத்தனர். அவர்கள் துணியைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குபவர்களல்லர். கையால் தடவி, மினுமினுப்பை நோக்கி, மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து பார்ப்பர். தென்னிந்தியச் சாயக்காரர் தகரை விதையைக் காய்ச்சிச் சுண்ணாம்பு சேர்த்து அவுரித் தொட்டியைப் புளிக்கவைப்பர். இத்தகைய தொட்டியில் ஊறிய துணிக்கென்று ஒரு மணம் உண்டு. அம்மணம் இல்லாத துணி அவர்கள் கணக்கில் போலி. இதனை அறியாமையின் பிடிவாதம் என்று எண்ணுவது தவறு. முத்திரையும் சான்றிதழும் பொய்க்கக்கூடிய சந்தையில், துணி எவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கு மணமே சாட்சியாயிற்று.

மற்றொன்றும் உண்டு. கினே உடுத்தியவரின் தோலில் நீலம் ஒட்டும். ஐரோப்பிய வணிகருக்கு இது குறை. 'சாயம் வெளுத்துவிட்டது' என்பது நம் மொழியிலும் பழிச்சொல்தான். பாலைவன மக்களுக்கோ அந்நீலம் அழகு, வெயிலிலிருந்தும் வறண்ட காற்றிலிருந்தும் தோலுக்குக் காப்பு. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் சென்னைக் கட்டத் துணி சலவையில் சாயம் விட்டதால் புகார்கள் எழுந்தன. பின்னர் 'இத்துணி நிச்சயம் சாயம் விடும்' என்று விளம்பரம் செய்தே அதனை விற்றனர். அமெரிக்கரிடம் விளம்பரம் கற்பித்த சுவையைச் சஹாராவில் எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

செனகல் ஆற்றங்கரையில் கினே உடையாக மட்டுமன்றி நாணயமாகவும் புழங்கியது. பிசினின் விலையை இத்தனை துண்டு கினே என்றே பேசினர். ஆதலால் மட்டமான துணி வந்திறங்குவது, கலப்படக் காசு புழக்கத்தில் நுழைவதற்கு ஒப்பாயிற்று. 1843இல் பிரெஞ்சு அரசு ஆணை பிறப்பித்துக் கினேயின் தர அளவுகளை வகுத்ததன் பின்னணி இதுவே. ஓர் ஐரோப்பிய அரசு, தன் ஆலைகளின் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, பாலைவன மேய்ப்பரின் மூக்குக்கும் விரலுக்கும் ஏற்பத் தன் சட்டத்தை எழுத நேர்ந்ததை நாம் இங்குக் காண்கிறோம்.

நெய்தவரும் உடுத்தியவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆற்றங்கரைச் சந்தையில் ஒதுக்கப்பட்ட பொதியின் செய்தி சேன் லூயி வணிகருக்கும், அவரிடமிருந்து போர்தோவுக்கும், கடிதமாகப் புதுச்சேரிக்கும் வந்துசேர மாதங்கள் பல ஆகும். இடையில் எவரேனும் அதனை அலட்சியம் செய்தால் அடுத்த ஆண்டுச் சரக்கு தேங்கும். இன்று 'சந்தை ஆய்வு' என்று பெயரிட்டழைக்கும் வேலையை அன்று இச்சங்கிலி செய்தது.

இவ்வணிகத்தை நாம் பொன்னாக்கிக் காட்ட விரும்பவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிகள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் பயன்பட்டன. பிசினைச் சேகரித்த கைகளும் பெரும்பாலும் அடிமைகளின் கைகளே. வாங்குபவரின் சுவையை மதித்த வணிகம், வேலை செய்தவரின் விடுதலையை மதிக்கவில்லை. பண்பாட்டைப் புரிந்துகொள்வது வேறு, நீதி வேறு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் செனகலில் நிலக்கடலை பிசினின் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பிய இயந்திரத் துணி மேலும் மலிந்தது. பழைய மூக்குகளும் ஓரளவு விட்டுக்கொடுத்தன. 1897இல் செயற்கை அவுரி ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தபின் தென்னார்க்காட்டின் அவுரி வயல்களும் சுருங்கலாயின. ஆயினும் மொரித்தானியப் பெண்கள் உடுத்தும் 'மெல்ஹஃபா'வில், உடலில் நீலம் ஒட்டும் வகை இன்றும் உண்டு. அதற்கு அங்கு வழங்கும் பெயர் 'நீலா'.